முப்பத்தைந்து கிளிக்

ஜூன் 3, திங்கள்

பெருந்துறையில் பிசியோதெரபி செய்யும் அந்தப் பெண் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "டெய்லி என்னென்ன எக்சர்சைஸ் பண்ணுனீங்கன்னு இதுல எழுதிட்டு வாங்க சார்" என்றாள். இருபத்துநான்கு வயதுகூட இருக்காது. பள்ளிக்கூடப் பையனுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதுபோலக் கொடுத்தாள்.

சரி, எழுதுகிறேன். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி பத்து தடவை. நான்குதான் செய்தேன். அவளுக்குத் தனித்தாளில் பத்து என்று எழுதிக் கொடுத்துவிடலாம், இந்த நோட்டு எனக்கே இருக்கட்டும்.

பங்குனியில் வண்டியோடு விழுந்ததில் அடிபட்டது வலது தோள். இப்போது சரியாகிவிட்டது. கையைத் தூக்கினால் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். மாவட்டச் சங்கச் செயலாளர் சென்னியப்பன் சாரிடமும் அதையே சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டில் ஆண்கள் போட்டிக்கு நான் வருகிறேன் என்று.

இன்று கோகிலாவின் ஸ்கோப் வந்தது, வில்லின்மேல் மாட்டிக் குறி பார்க்கும் கண்ணாடி. கோகிலவாணி என் மனைவி. பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். பெட்டியைப் பிரித்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். ஸ்கோப் அவளுடையது, அதை மாட்டப்போகும் கிராஸ்போ என்னுடையது. இதை எழுதி வைப்பது நல்லது.

ஜூன் 4, செவ்வாய்

தறிப் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து ஸ்கோப்பை மாட்டினேன். மட்டம் பார்த்து நான்கு திருகையும் ஒரே அளவு முறுக்கினேன். ஃபிட்டர் கை என்றால் சும்மாவா?

ஜூன் 6, வியாழன்

இன்று ஸ்கோப்புக்குக் குறி கட்டினோம். மாமனாரின் மஞ்சள் களம் இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. முப்பது மீட்டர் அளந்து, மண்சுவர் ஓரமாக அம்பு தாங்கும் மட்டையை நிறுத்தி அட்டையை ஒட்டினேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்கு கிராஸ்போ என்றால் துப்பாக்கிக் கட்டையில் வில்லைக் குறுக்காக மாட்டிய மாதிரி இருக்கும். முன்னாலுள்ள வளையத்தில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாணைப் பிடித்து, கொக்கியில் விழும்வரை மேலே இழுக்க வேண்டும். அம்பை வைத்து, ஸ்கோப்பில் பார்த்து, விசையை அழுத்தினால் முடிந்தது. சுடுவது சுலபம். அந்த நாண் இழுப்பில்தான் முதுகு முறியும்.

"நானே இழுத்துக்கறேனுங்க" என்றாள்.

"உனக்கெதுக்குக் கைய நோகடிச்சுக்கிட்டு? நீ கண்ண மட்டும் பாத்துக்க, கோகிலா. நான் இழுத்துத் தரேன்."

மணல் மூட்டைமேல் வில்லைச் சாத்தி வைத்து, நான் இழுத்துக் கொடுக்க அவள் மூன்று அம்பு விட்டாள். மூன்றும் ஒரு கைப்பிடிக்குள் நெருக்கமாக விழுந்தன, ஆனால் நடுவுக்கு ஏழு சென்டிமீட்டர் இடது பக்கம். அம்புகள் கூட்டமாக விழுந்தால் சுடுகிறவர்மேல் குற்றமில்லை, ஸ்கோப்பைத்தான் திருத்த வேண்டும். பக்கவாட்டுத் திருகைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் வரும். முப்பது மீட்டரில் ஐந்து கிளிக்குக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும். ஏழைந்து முப்பத்தைந்து. வலது பக்கம் முப்பத்தைந்து கிளிக் திருப்பினேன். அடுத்த மூன்றும் நடு வட்டத்தில்.

கோகிலா எழுந்து குதித்தாள். முப்பத்தொரு வயதுப் பெண் களத்தில் குதிப்பதை அவள் அம்மா பார்த்துவிட்டு, "ஏ அம்மிணி, பாத்து, பாத்து" என்றார்.

பிறகு தறியில் செய்வதைச் செய்தேன். எங்கள் வேலையில், அளவு வைத்து முடித்த திருகின்மேல் ஒரு பொட்டு நகப்பூச்சு வைப்போம். அது வைத்துவிட்டால் வேறு யாரும் அந்தத் திருகைத் தொடக் கூடாது. தொட்டுத் திருப்பினால் பூச்சு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த ஃபிட்டர் வைத்த பொட்டை உடைப்பவனைப் பட்டறையில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். கோகிலாவின் சிவப்புப் பூச்சையே எடுத்து ஸ்கோப்பின் இரண்டு திருகிலும் வைத்தேன்.

"இனி இத நீ தொடாத."

"நீங்க வெச்சத நான் எதுக்குங்க தொடறேன்" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

சென்னியப்பன் சார் களத்துக்கே வந்தார். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோகிலா சுட்ட ஒன்பது அம்பில் ஏழு நடு வட்டத்தில். சார் அட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அம்மிணி, இந்த முப்பதாந்தேதி மாவட்டத் தேர்வுல மொத ரெண்டு பேருல நீ வந்தரோணும். வந்தீன்னா மாநில அணி. அந்தச் சர்டிபிகேட் இருந்தா விளையாட்டு ஒதுக்கீட்டுல சர்க்கார் வேலைக்கு எழுதிப்போடலாம். உனக்கு ஆடியோட வயசு வரம்பு முடியுதல்ல?"

"ஆமாங்க சார். இதான் கடைசி."

"விட்டராத. விட்டீன்னா காலம் பூரா அந்தக் கம்பெனில அட்டப்பெட்டிதான் மடிக்கோணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தெய்வு, நீ பதினோரு வருசமா சுட்டியே, ஒரு நா இப்படி விழுந்துதாப்பா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மாவட்டத்தைத் தாண்டி ஒருமுறைகூடப் போகாதவன் வேறு என்ன செய்வது? அவள் இந்த விளையாட்டுக்கு வந்ததே என் அம்புகளைப் பொறுக்கிக் கொடுக்கத்தான். அது சாருக்கு மறந்துபோயிருக்கும்.

தோளுக்கு ஒத்தடம் கொடுத்தேன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தடவை நாண் இழுத்தால் யாருக்கும் வலிக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

கோகிலா வேலைக்குப் போன பிறகு களத்துக்குப் போய் நானே ஆறு அம்பு விட்டேன். ஐந்து நடு வட்டம், ஒன்று ஒன்பது புள்ளி. அட்டையைக் கொண்டுவந்து பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். வில்லுக்குத் தன் எஜமான் யாரென்று தெரிகிறது.

ஜூன் 12, புதன்

வலி மாத்திரை இரண்டு. பட்டறையில் சம்மட்டியை இடது கையால் பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சென்னிமலைப் பக்கம் ஒரு தறி நின்றுவிட்டது என்று காலையிலேயே கூப்பிட்டார்கள். மதியம் வந்தேன். கோகிலா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, நீங்க இல்லைன்னு இன்னைக்கு நானே இழுத்துச் சுட்டேனுங்க. எல்லா அம்பும் வலது பக்கமே போகுதுங்க. நாலு வெரக்கடை இருக்கும்."

"காத்து" என்றேன். ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கிவிட்டது. களத்தில் தென்னை ஓலை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறது.

"காத்துன்னா ஒன்னு அங்க ஒன்னு இங்கன்னு போகோணும்ல? எல்லாம் ஒரே எடத்துல விழுகுதுங்களே."

கேள்வியைப் பார்! குழம்பு உப்பாக இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 17, திங்கள்

விடியற்காலையில் களத்துக்குப் போனேன், காற்று எழும்புவதற்கு முன்னால். நாண் தளர்ந்து நிற்கும்போது அதன் நடுவில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பிறகு இழுத்துக் கொக்கியில் மாட்டினேன். கோடு நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு நெல்லளவு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. நாண் அவ்வளவு ஒதுங்கினாலே முப்பது மீட்டரில் அம்பு எங்கோ போய்விடும், இது கிராஸ்போ பிடித்த எல்லோருக்கும் தெரியும். நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன், நான்கு தடவையும் அதே பக்கம், அதே நெல்லளவு.

அதாவது இரண்டு கையும் ஒரே அளவு இழுப்பதில்லை. வலது கை பிந்துகிறது. அந்தக் கோணலுக்குப் பொருந்தும்படிதான் ஸ்கோப்பைத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆகவே என் இழுப்புக்கு அம்பு நடுவில் விழும். நேராக இழுக்கும் எவருக்கும் வலது பக்கம் போகும்.

கோடு எண்ணெய்த் துணியால் துடைத்ததும் போய்விட்டது.

சாயங்காலம் கோகிலாவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்வதில் ஒன்றுமில்லை. முப்பத்தைந்து கிளிக் இடது பக்கம் திருப்பினால் முடிந்தது.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று அவள் வந்ததே தாமதம். ஏற்றுமதி ஆர்டராம். களைத்துப்போய் வந்தவளிடம் எதற்கு?

ஜூன் 19, புதன்

சொன்னேன். அதாவது, பேச்சை எடுத்தேன். எடுத்த பேச்சு வேறு மாதிரி போய்விட்டது.

"அன்னைக்கு வலது பக்கம் போச்சுன்னியே. அது இழுப்புல வர்றது" என்றேன். இதுவரை உண்மை.

"நான் கோணலா இழுக்கறேனுங்களா?"

இதற்கு நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், "அப்ப உங்க தோளு இன்னும் சரியாகலீங்களா?" என்று அடுத்து அவள் கேட்பாள். அவள் கேட்டால் அவள் அப்பாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் சென்னியப்பன் சாருக்குத் தெரியும், ஆகஸ்ட் போட்டியில் என் பெயரை அடித்துவிட்டு, பாவம் தெய்வசிகாமணி என்று பேசுவார்கள். அந்தப் பாவத்தை நான் கேட்க வேண்டுமா?

"புதுசா இழுக்கறவங்களுக்கு அப்படித்தான் ஆகும்" என்றேன்.

முகம் வாடிவிட்டது. "போட்டியன்னைக்கு அவங்கவங்களே இழுக்கோணும்னு சட்டமாச்சேங்க. இப்ப என்னங்க பண்றது?"

"தெனமும் வெறுமனே இழுத்துப் பழகு. வலது கைய இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி."

ஜூன் 20, வியாழன்

சமையலறையில் துடைப்பக் கட்டையை மிதித்துக்கொண்டு இரண்டு கையையும் மார்புவரை தூக்கித் தூக்கிப் பழகுகிறாள். வலது கையைக் கொஞ்சம் அழுத்தி. நான் சொன்னபடியே செய்கிறாள்.

எனக்கு டீ ஆறிவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

களத்தில் முப்பது அம்பு, போட்டி மாதிரியே. நான் இழுத்துக் கொடுத்தேன். முந்நூறுக்கு இருநூற்று எண்பத்தொன்று! போன வருஷம் மாவட்டத்தில் முதலிடம் வந்தவளே இருநூற்று எழுபத்தாறுதான் எடுத்தாள். கோகிலா அட்டையில் தேதி போட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். "உங்க கை ராசிங்க" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். தோள் தீயாக எரிந்தது. முப்பது இழுப்பில் ஒன்றைக்கூட முகத்தில் காட்டவில்லை. இதை யாரும் மெச்சப் போவதில்லை என்பதால் நானே எழுதிக்கொள்கிறேன்.

நாளைக்குச் சொல்லிவிடலாம். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஜூன் 26, புதன்

அவள் இழுத்து மூன்று அம்பு விட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். இழுத்தாள். இப்போது வலது கையை அழுத்துவதால் ஒன்று வலது பக்கம் ஏழு சென்டிமீட்டர், ஒன்று பத்து, மற்றொன்று மட்டையையே தாண்டிச் சுவரில். முன்பு நேராக இழுத்துக்கொண்டிருந்த கை அது.

அம்பைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, "எனக்கு வராதுங்க இது" என்று உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"அன்னைக்குப் பயிற்சிக்கு ஆறு அம்பு தருவாங்க. அதுல புடிச்சுக்கலாம்" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்புக் கொடுத்திருக்கிறது கம்பெனி. சூப்பர்வைசர் அவள் நெற்றியில் திருநீறு வைத்து அனுப்பினாராம். ஊரே அவள் பின்னால் நிற்கிறது. நான் பதினோரு வருஷம் போனபோது பட்டறையில் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.

ஜூன் 29, சனி

நாணுக்கு மெழுகு தடவினேன். அம்புகளின் இறகுகளைச் சரிபார்த்தேன். ஸ்கோப் கண்ணாடியைத் துடைத்தேன். பூச்சுப் பொட்டு இரண்டும் விரிசலில்லாமல் இருந்தன. ஒரு தடவை கட்டைவிரலை அந்தத் திருகின்மேல் வைத்தேன். கோகிலா அடுப்படியிலிருந்து, "போதும் வாங்க, சாப்பிட்டுப் படுங்க. வெடியால கெளம்போணும்" என்றாள்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்றாவது இடம். இரண்டாவது வந்த பவானிக்காரப் பெண்ணுக்கு இருநூற்று அறுபத்தாறு. கோகிலாவுக்கு இருநூற்று அறுபத்துநான்கு. இரண்டு புள்ளி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லூரி மைதானம். நல்ல காற்று, இதற்குச் சாட்சி அங்கிருந்த நூறு பேர். பயிற்சிக்கு ஆறு அம்பு. முதல் மூன்றும் வலது பக்கம் விழுந்தன. கோட்டில் நிற்பவர்களிடம் வெளியிலிருந்து யாரும் பேசக் கூடாது, ஆனால் கையசைத்தால் யாரும் கேட்பதில்லை. அவள் திரும்பி என்னைத் தேடினாள். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்கோப்பின் பக்கவாட்டுத் திருகின்மேல் விரலை வைத்து, புருவத்தைத் தூக்கி, திருப்பட்டுமா என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. பிறகு காற்று என்று கையால் காட்டினேன்.

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது பொய்யில்லை.

அவள் விரலை எடுத்துவிட்டாள். அதன்பிறகு இழுப்பைச் சரிசெய்ய ஒவ்வொரு அம்புக்கும் கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள். பத்து விழும், அடுத்தது ஏழு விழும், மறுபடி ஒன்பது, மறுபடி ஆறு. கடைசி பத்து அம்பில் என்ன நினைத்தாளோ, குறியையே கொஞ்சம் இடது பக்கம் தள்ளிச் சுட ஆரம்பித்தாள். அந்தப் பத்தும் நன்றாக விழுந்தன. அதனால்தான் இரண்டு புள்ளியில் நின்றது. இன்னும் மூன்று அம்பு முன்னால் அது தோன்றியிருந்தால் போதும்.

சென்னியப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்தப் பாழாப்போன காத்து" என்றார்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது சொன்னாள்: "ஒரு மாசமா தோளு நோக நோக இழுத்துக் குடுத்தீங்க. எல்லாத்தையும் வீணாக்கிப்போட்டேனுங்க. மன்னிச்சுக்கோங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்.

ஜூலை 1, திங்கள்

தோளு நோக என்றாளே. எப்படித் தெரியும்?

ஜூலை 3, புதன்

கோகிலா வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து துணி துவைத்தாள். தோளைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

"இனி நான் சுடலைங்க" என்றாள். "வயசும் முடியுது, வேலைக்கும் எழுதிப்போட முடியாது. அப்பறம் எதுக்குங்க? ஆகஸ்ட்டுக்கு நீங்க சுடுங்க. ஸ்கோப்பயும் நீங்களே வெச்சுக்கோங்க."

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"அட, அடுத்த வருசம்..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்கு இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை.

காலையில் அவளே வில்லை எடுத்துக்கொண்டு களத்துக்குக் கூப்பிட்டாள். "வாங்க, ஆகஸ்ட்டுக்குப் பழகோணும்ல" என்றாள். மழை வரும்போல மூட்டமாக இருந்தது. காற்று அறவே இல்லை, ஓலை அசையவில்லை.

நான் வளையத்தில் காலை வைக்கப் போனேன். தடுத்துவிட்டாள்.

"நான் இழுத்துத் தரேனுங்க. உங்களுக்கு வலது தோளு இன்னும் சரியாகலைன்னு தெரியுங்க. சட்டையே எடது கைய விட்டுத்தான போடறீங்க. போட்டி வரைக்குமாச்சும் அதுக்கு ஓய்வு குடுங்க."

பங்குனியிலிருந்து தெரியுமாம். நான் வெட்கப்படுவேன் என்று கேட்கவில்லையாம். நான் யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனையும் செய்தேனோ, அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அவள் இழுத்தாள். துடைப்பக் கட்டைப் பழக்கத்தை எல்லாம் விட்டுவிட்டாள்போல, இரண்டு கையும் ஒரே மட்டமாக எழும்ப, நாண் கொக்கியில் விழுந்தது. எவ்வளவு அழகான நேர் இழுப்பு! அம்பை வைத்து என்னிடம் கொடுத்தாள்.

மணல் மூட்டைமேல் சாத்தி ஸ்கோப்பில் பார்த்தேன். நடுவில் குறி வைத்தால் அம்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அதை அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள், காற்று என்று சொல்லவும் இன்று வழியில்லை. ஆகவே குறியை நடுவிலிருந்து ஏழு சென்டிமீட்டர் இடது பக்கம் தள்ளி வைத்து விசையை அழுத்தினேன். அம்பு நடு வட்டத்தில் போய் நின்றது.

"பாருங்க, பாருங்க!" என்று கை தட்டினாள். உண்மையாகவே தட்டினாள். மறுபடி இழுத்துக் கொடுத்தாள். மறுபடி தள்ளிக் குறி வைத்தேன். விசையில் விரல் வைக்கும் நேரத்தில் அவள் குனிந்தாள்.

"அப்படியே கைய எடுங்க. வில்ல ஆட்டாதீங்க. எப்படிக் குறி வெக்கறீங்கன்னு நான் பாக்கோணும். எனக்கு மட்டும் ஏன் போகுதுன்னு தெரியோணும்ல."

வில்லைத் தட்டிவிட்டிருக்கலாம். இருமியிருக்கலாம். நகர்ந்துதான் கொடுத்தேன்.

மண்டியிட்டு, கண்ணை ஸ்கோப்பில் வைத்தாள். பார்த்தாள். கண்ணை எடுத்து வெறுமனே அட்டையைப் பார்த்தாள். மறுபடி ஸ்கோப்பில் பார்த்தாள். பிறகு வில் சாத்தியிருந்தபடியே விசையை அழுத்தினாள். முதல் அம்பை உரசிக்கொண்டு இரண்டாவதும் நடுவிலேயே இறங்கியது.

அவள் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே கேட்டாள்.

"எத்தன கிளிக்குங்க?"

என்ன கிளிக், எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். "முப்பத்தஞ்சு" என்றது வாய்.

"அப்ப நான் இழுத்தது கோணலில்லைங்க" என்றாள். அது கேள்வியில்லை.

தாலிக்கொடியிலிருந்த ஊக்கை எடுத்து, பக்கவாட்டுத் திருகிலிருந்த பூச்சைச் சுரண்டினாள். எண்ணி எண்ணித் திருப்பினாள். களத்தில் வேறு சத்தமே இல்லை, டிக் டிக் என்று முப்பத்தைந்தும் எனக்குக் கேட்டது. பிறகு தானே இழுத்து, தானே மூன்று அம்பு விட்டாள். எங்கே விழுந்தன என்று பார்க்க நான் அட்டைப் பக்கம் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

"ஒரு நிமிசங்கூட ஆகலைங்களே" என்றாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பாவிடம் போய்ச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்புகளைப் பிடுங்கி, துடைத்து, பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மத்தியானம் சோறு போட்டாள். தோளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஜூலை 8, திங்கள்

இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது, போட்டிக்குப் பிறகுதான் எனக்கே புரிந்தது என்று சொல்ல ஒரு கதை தயார் செய்து வைத்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது கதை. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஜூலை 10, புதன்

சாயங்காலம் சென்னியப்பன் சார் போன் செய்தார். கோகிலாதான் எடுத்தாள். நான் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"இல்லீங்க சார், நான் இனி வரலீங்க... பரவால்லீங்க, காத்துக்கு யாரு என்னங்க பண்றது... அவருங்களா? நல்லா இருக்காருங்க. தோளெல்லாம் சுத்தமாச் சரியாயிருச்சுங்க. ஒரு மாசமா எனக்கு அவருதான இழுத்துக் குடுத்தாருங்க, தெனமும் அறுபது எழுபது தடவ... ஆமாங்க சார். அவரு பேர எழுதிக்கோங்க. நான் சொல்றேனுங்க, நீங்க எழுதிக்கோங்க."

துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள். முகத்தில் கோபமில்லை. பேக்கிங்கில் பெட்டியை மூடி ஒட்டிய பிறகு ஒரு தரம் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி மேஜையை ஒரு தரம் தட்டினாள்.

"ஆகஸ்ட் பதினொன்னுங்க. அதே மைதானம். முப்பது அம்பு, ஆறு பயிற்சி. அவங்கவங்களே இழுக்கோணும்" என்றாள்.

"கோகிலா, என்னால..."

"ஸ்கோப் இப்ப நேரா இருக்குதுங்க. கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கத் திரும்பியவள் நின்று, "அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு வரேனுங்க. முன்வரிசைல உக்காந்துக்கறேன்" என்றாள்.